தீப்பெட்டிச் சீமையில் ஒரு மேட்ச் பாக்ஸ்!

எங்கள் பக்கம் 'மேட்ச்' என்றால் மூன்று அர்த்தம் உண்டு. ஒன்று, கிரிக்கெட். இரண்டு, கல்யாணத் தரகர் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வரும் ஜாதகக் கட்டு. மூன்றாவதும் முக்கியமானதும், தீப்பெட்டி. 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தொழில் கற்றுக்கொண்டு திரும்பினார்கள். அன்றிலிருந்து சிவகாசி வட்டாரத்தில் 'மேட்ச் வொர்க்ஸ்' என்ற போர்டு கண்ணில் படாமல் பஸ்ஸில் போக முடியாது.

விருதுநகருக்கும் சிவகாசிக்கும் நடுவே இருக்கிற ஆமத்தூரில் உட்கார்ந்துகொண்டு, நாலாவதாக ஒரு மேட்ச் பற்றிச் சொல்லப் போகிறேன். ஆன்ட்டெனா மேட்சிங்!

பயப்படாதீர்கள். நான் இன்ஜினீயர் இல்லை. பி.காம். 'ஓம்' என்ற சொல்லைக் கோயில் சுவரில் மட்டுமே பார்த்து வளர்ந்தவன். அப்படிப்பட்ட ஆசாமிக்கே புரிந்த சமாசாரம் உங்களுக்குப் புரியாதா என்ன?

முதலில் ஹாம் ரேடியோ. வீட்டிலேயே சொந்தமாக ஒரு வயர்லெஸ் நிலையம் வைத்துக்கொண்டு, உலகத்தில் இதே பைத்தியம் பிடித்த மற்றவர்களோடு பேசுகிற பொழுதுபோக்கு. வியாபாரம் பேசக் கூடாது. பாட்டுப் போடக் கூடாது. மத்திய அரசின் பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்க வேண்டும். 12 வயது முடிந்திருந்தால் போதும். மோர்ஸ் தந்தி தெரிந்தால் ஜெனரல் கிரேடு, தெரியாவிட்டால் ரெஸ்ட்ரிக்டட் கிரேடு. ராஜீவ் காந்தியே லைசென்ஸ் வைத்திருந்த ஹாம்தான். பிரதமருக்கு விஷயம் போய்ச் சேர ஆயிரம் வழி இருந்திருக்கும். ஆனாலும் மைக்கைப் பிடித்து யாரோ முகம் தெரியாத ஆளிடம் 'என் குரல் கேட்கிறதா?' என்று கேட்பதில் ஒரு கிக் இருக்கிறது சார்.

நானும் பரீட்சை எழுதினேன். பாஸ் பண்ணினேன். பத்து வாட் செட் ஒன்றும் வந்து சேர்ந்தது. பத்து வாட் என்றால் சின்ன எல்.இ.டி. பல்பு தின்கிற கரன்ட். 'இதை வைத்துக்கொண்டு கல்கத்தாவோடு பேசப் போகிறாயா?' என்று மச்சான் சிரித்தான். பேசலாம். ஆனால் அதற்குச் செட் பாதி, ஆன்ட்டெனா மீதி.

மாடியில் கம்பம் நடுவது நம் ஊர்க்காரர்களுக்குப் புதிதல்ல. 1980-களில் தென் தமிழ்நாட்டில் இலங்கை ரூபவாஹினி பார்ப்பதற்காகப் பனை உயரத்துக்குக் கம்பம் ஏற்றி, ஒருத்தர் மேலே நின்று திருப்ப, ஒருத்தர் கீழே டி.வி. முன்னால் உட்கார்ந்து 'ஆங்... ஆங்... போச்சு! பழைய இடத்துக்கே வா!' என்று கத்திய காலத்தை நாற்பதைத் தாண்டிய எந்த அண்ணனிடமும் கேட்டுப் பாருங்கள், கதை கதையாகச் சொல்வார். அப்போது டி.வி.க்குப் பின்னால் விரல் நீளத்துக்கு ஒரு சின்ன டப்பா தொங்கும். ஒரு பக்கம் தட்டை வயர் உள்ளே போகும், மறுபக்கம் உருண்டை பின் வெளியே வரும். அது சும்மா கனெக்டர் இல்லை. ஆன்ட்டெனாவிலிருந்து வருகிற தட்டை வயர் 300 ஓம், டி.வி. கேட்பது 75 ஓம். இரண்டுக்கும் சம்பந்தம் பேசி முடிக்கிற தரகர்தான் அந்த டப்பா. ஆக, மேட்சிங் நம் வீட்டுக்குள் எப்போதோ வந்துவிட்டது. பெயர்தான் தெரியாது.

டி.வி.யில் பொருத்தம் சரியில்லை என்றால் படம் புள்ளி புள்ளியாகத் தெரியும். அவ்வளவுதான். ஆனால் ஹாம் செட் வாங்குவது மட்டுமல்ல, அனுப்பவும் செய்கிறது. அங்கே பொருத்தம் கெட்டால் அனுப்பியது திரும்பி வரும்.

அதெப்படி வரும்? ஒரு கயிற்றைச் சுவரில் கட்டிவிட்டு மறுமுனையைப் பிடித்து ஒரு உதறு உதறுங்கள். ஒரு மேடு கிளம்பி ஓடும். சுவரில் முட்டும். திரும்பி உங்கள் கைக்கே வரும். செட்டிலிருந்து கோஆக்ஸ் வயரில் கிளம்புகிற ரேடியோ சக்தியும் அப்படித்தான். வயர் 50 ஓம், ஆன்ட்டெனாவும் 50 ஓம் என்றால், வந்த சக்தி அத்தனையையும் ஆன்ட்டெனா 'வாங்க வாங்க' என்று ஏற்றுக்கொள்ளும். ஆன்ட்டெனா வேறு கணக்கில் நின்றால் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பும். போகிற அலையும் வருகிற அலையும் வயருக்குள் மோதிக்கொண்டு, சில இடத்தில் உயர்ந்தும் சில இடத்தில் தாழ்ந்தும் அப்படியே நிற்கும். அந்த உயர்வு தாழ்வு விகிதம்தான் எஸ்.டபிள்யூ.ஆர். ஹாம்கள் ரெண்டு பேர் சந்தித்தால் குசலம் விசாரிப்பதற்கு முன் விசாரிப்பது இதைத்தான்.

காமர்ஸ் பாஷையில் சொல்கிறேன். அனுப்புகிற பவர், சேல்ஸ். திரும்பி வருகிற பவர், சேல்ஸ் ரிட்டர்ன்! எஸ்.டபிள்யூ.ஆர். ஒன்று என்றால் ரிட்டர்ன் பூஜ்யம். 1.5 என்றால் நூற்றுக்கு 4. இரண்டு என்றால் 11. மூன்று என்றால் 25. ஐந்து என்றால் 44. எந்த முதலாளிக்கும் 4 சதவீத ரிட்டர்னில் தூக்கம் கெடாது. 44 என்றால் கடையைச் சாத்த வேண்டியதுதான். இன்றைய செட்டுகள் பல, ரிட்டர்ன் அதிகமானால் தாமாகவே பவரைக் குறைத்துக்கொள்கின்றன. அந்த வசதி இல்லாத செட்டில் கடைசி டிரான்சிஸ்டர் சூடாகிப் பரலோகம் போகும்.

சரி, ஆன்ட்டெனாவை 50 ஓம் பக்கம் எப்படிக் கொண்டு வருவது? அளவு எடுத்து வெட்டித்தான். இதில் டெய்லர் வேலைக்கும் ஆன்ட்டெனா வேலைக்கும் வித்தியாசமே இல்லை. 468-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் எத்தனை அடி என்று வரும். நம் நாட்டில் ஹாம்கள் அதிகம் கூடுகிற இடங்களில் ஒன்று 7 முதல் 7.2 மெகாஹெர்ட்ஸ் வரை உள்ள நாற்பது மீட்டர் பேண்ட். நடுவில் 7.1 என்று வைத்துக்கொண்டால் 66 அடி. நடுவில் வெட்டி அங்கே வயரை இணைத்தால், பக்கத்துக்கு 33 அடி. இதற்குப் பெயர் டைபோல். செலவு? வீட்டு வயரிங்குக்கு வாங்குகிற செப்புக் கம்பி, பி.வி.சி. பைப் துண்டு நாலு, நைலான் கயிறு. ரேடியோக் கடைக்கே போக வேண்டாம்.

ஒரே ஒரு சிக்கல். என் மொட்டை மாடி 40 அடி. கம்பி 66 அடி. மிச்சம் 26 அடி, காம்பவுண்டைத் தாண்டிப் பக்கத்து வீட்டு வேப்பமரத்தில்தான் முடிந்தாக வேண்டும். பக்கத்து வீடு யாருடையது? பட்டாசு ஆலையில் ஃபோர்மேனாக இருக்கும் அண்ணாச்சியுடையது.

அண்ணாச்சி கோபக்காரர் இல்லை. ஆனால் தீ சம்பந்தமான எந்த விஷயத்திலும் வேடிக்கை பேச மாட்டார். அவர் வீட்டில் ஊதுபத்தியைக்கூட மணலில்தான் குத்தி வைப்பார்கள். நான் விஷயத்தைச் சொன்னதும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"தம்பி, இது வெடி ஊரு. நீ பாட்டுக்கு கரன்ட்ட வானத்துல விடுதேங்கே. அங்கிட்டு மருந்து இருக்கு, இங்கிட்டு திரி இருக்கு. பத்திக்கிட்டா?"

சிரித்து மழுப்பக் கூடிய கேள்வி இல்லை அது. 2012 செப்டம்பர் 5-ந் தேதி முதலிப்பட்டியில் நடந்த விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். இந்தப் பக்கத்தில் 'சத்தம் கேட்டுச்சு' என்று யாராவது சொன்னால், அது பட்டாசுச் சத்தம் என்று யாரும் நினைப்பதில்லை. எந்த ஆலை என்றுதான் கேட்பார்கள். அப்படிப்பட்ட ஊரில் கேட்கப்படும் கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்லியாக வேண்டும்.

ரேடியோ அலைக்கும் வெடிக்கும் சம்பந்தமே இல்லையா? உண்டு. பாறை உடைக்க வைக்கும் எலக்ட்ரிக் டெட்டனேட்டருக்கு நீளமாக இரண்டு வயர் இருக்கும். சக்தி வாய்ந்த டிரான்ஸ்மிட்டர் பக்கத்தில் இருந்தால், அந்த வயரே ஆன்ட்டெனாவாக மாறிக் கரன்ட்டை உறிஞ்சி டெட்டனேட்டரைக் கிளப்பிவிடலாம். அமெரிக்காவில் வெடிபொருள் தயாரிப்பாளர் சங்கம், எத்தனை வாட்டுக்கு எத்தனை தூரம் தள்ளி நிற்க வேண்டும் என்று அட்டவணையே போட்டு வைத்திருக்கிறது. பாறை உடைக்கும் இடத்துக்கு முன்னால் 'வயர்லெஸ் செட்டை அணைக்கவும்' என்று அங்கே ரோட்டோரம் போர்டு வைப்பார்கள்.

ஆனால் நம்முடைய சரவெடிக்கும் புஸ்வாணத்துக்கும் வயர் கிடையாது, திரிதான். உறிஞ்சுவதற்கு ஆன்ட்டெனா இல்லை. ஊருக்குள் ஒரு மாடியிலிருந்து கிளம்புகிற பத்து வாட், தூரத்து ஷெட்டில் இருக்கிற மருந்தைச் சுட வைக்காது. மருந்துக்கு எமன் உராய்வு, சூடு, பொறி, உடம்பில் ஏறும் நிலைமின்சாரம், மின்னல்.

இதை எல்லாம் விளக்கி முடித்தேன். அண்ணாச்சி தலையாட்டினார்.

"அப்போ உன் ரேடியோ பத்த வைக்காது. உன் கம்பம்?"

"கம்பமா?"

"மின்னல் எதுல தம்பி இறங்கும்? ஒசரமா இருக்கதுலதான? ரேடியோவப் பத்தி அம்புட்டு படிச்சிருக்கியே, எர்த்தப் பத்தி என்ன படிச்சிருக்கே?"

மருந்து அறை வாசலில் தரையோடு இணைத்த தகட்டைத் தொட்டு, உடம்பில் உள்ள நிலைமின்சாரத்தை இறக்கிவிட்டு உள்ளே போகிற வாழ்க்கை அவருடையது. 'எர்த்' என்ற சொல் எனக்குப் பாடம். அவருக்கு உயிர்.

அவர் மூன்று கண்டிஷன் போட்டார். ஒன்று, வானம் கறுத்தவுடன் வயரைக் கழற்றி வெளியே எறிந்துவிட வேண்டும். இடி கேட்ட பிறகு அதன் பக்கமே போகக் கூடாது. இரண்டு, கையடக்க வயர்லெஸ் செட் எதுவும் ஆலை கேட் பக்கம் வரவே கூடாது. மூன்று, கம்பியின் நுனி அவர் வீட்டுப் பேரப்பிள்ளைகள் எட்டுகிற உயரத்தில் தொங்கக் கூடாது. மூன்றாவது கண்டிஷன் அவர் சும்மா போட்டது. ஆனால் ரொம்பச் சரி! டைபோலின் இரு நுனிகளில்தான் வோல்ட்டேஜ் உச்சத்தில் இருக்கும். பேசிக்கொண்டிருக்கும்போது தொட்டால் சுருக்கென்று தோலைச் சுடும். நாலாவது கண்டிஷனை நானே சேர்த்துக்கொண்டேன். இ.பி. லைனுக்கு மேலேயோ கீழேயோ பக்கத்திலேயோ கம்பி போகவே கூடாது. விழுந்தால் போய் விழுகிற தூரத்தில்கூட லைன் இருக்கக் கூடாது.

பிறகு மண்ணைக் கிளறிக் காட்டினார். "கரிசல். மழையில வெண்ணெய் மாதிரி ஒட்டும். சித்திரையில வெடிச்சிப் பிளந்துரும். கம்பிக்கும் மண்ணுக்கும் நடுவுல காத்துதான் இருக்கும். எர்த் இருக்கும், ஆனா இருக்காது." குழி வெட்டி, கரியும் உப்பும் போட்டு, பைப்பை இறக்கி, கோடையில் தண்ணீர் ஊற்ற ஒரு வாயும் வைத்தோம். மேற்பார்வை அண்ணாச்சி. ஃபீஸ், இரண்டு டீ.

ஞாயிற்றுக்கிழமை ஆன்ட்டெனா ஏறியது. நடுவில் முப்பது அடிக் கம்பம், இரண்டு கையும் சரிந்து இறங்க, தலைகீழ் 'வி' மாதிரி. இப்படிச் சரிப்பதில் ஒரு லாபம் இருக்கிறது. நேராகக் கட்டிய டைபோல் உயரமான இடத்தில் 70 ஓம் பக்கம் நிற்கும். சரித்தால் 50-க்குப் பக்கத்தில் இறங்கி வரும். இடத்துக்கு இடமும் மிச்சம், பொருத்தத்துக்குப் பொருத்தமும் ஆச்சு. வயர் சேரும் இடத்தில், கோஆக்ஸையே அரை அடி விட்டமுள்ள பி.வி.சி. பைப்பில் பத்துச் சுற்றுச் சுற்றினேன். இதற்குப் 'பலன்' என்று பெயர். (கடையில் கேட்டால் ஊதுகிற பலூனை எடுத்துத் தருவார்கள். ஜாக்கிரதை.) கோஆக்ஸின் வெளி உறை வழியாக ரேடியோ கரன்ட் வீட்டுக்குள் நடந்து வராமல் தடுக்கிற வாட்ச்மேன் இது.

வேண்டுமென்றே கம்பியைக் கொஞ்சம் நீளமாக விட்டிருந்தேன். பக்கத்துக்கு 34 அடியும் சொச்சமும். வெட்டினால் ஒட்டாது, நீளம் என்றால் மடிக்கலாம். டெய்லர் தத்துவம். உள்ளங்கையில் அடங்குகிற அனலைசரை மாட்டினேன். சில வருஷங்களாக நானோ வி.என்.ஏ. என்ற பெயரில் சில ஆயிரம் ரூபாய்க்கு இது கிடைக்கிறது. திரையில் ஒரு கோடு பள்ளத்தில் இறங்கி ஏறும். பள்ளம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் ஆன்ட்டெனாவுக்கு விருப்பம். என்னுடையது 6.85-ல் இருந்தது. நமக்கு வேண்டியது 7.1. இந்த பேண்டில் பக்கத்துக்கு அரை அடி குறைத்தால் பள்ளம் சுமார் 0.1 மெகாஹெர்ட்ஸ் மேலே நகரும். ஏணி ஏறு, இரண்டு பக்கமும் ஏழு அங்குலம் மடி, இறங்கு, பார். 6.97. மறுபடி ஏறு, மடி, இறங்கு. 7.09. எஸ்.டபிள்யூ.ஆர். 1.2!

மறுநாள் காலை பார்த்தால் 6.9-க்குப் போய் உட்கார்ந்திருக்கிறது. ஏறிப் பார்த்தேன். ஒரு பக்கக் கம்பியின் சரிவில் அம்மாவின் ஈரச் சேலையும் அப்பாவின் வேட்டியும் அழகாகக் காய்ந்துகொண்டிருந்தன. "நல்ல கொடிதான கட்டியிருக்கே?" என்றார் அம்மா. ஈரத் துணி கம்பியோடு ஒட்டிக்கிடந்தால் ஆன்ட்டெனா நீளமான மாதிரி நடந்துகொள்ளும், பள்ளம் கீழே இறங்கும். இயற்பியல் நிரூபணமானது. அம்மாவுக்குத் தனிக் கொடி கட்டிக் கொடுக்கப்பட்டது.

'இத்தனை ஏறி இறங்குவதற்கு ஆன்ட்டெனா ட்யூனர் ஒன்று வாங்கி வைத்தால் என்ன?' என்று கேட்பீர்கள். நியாயம். காயிலும் கண்டன்சரும் உள்ள பெட்டி அது. குமிழைத் திருகினால் எந்தக் கோணல் ஆன்ட்டெனாவையும் செட்டுக்கு 50 ஓம் என்று காட்டிவிடும். 1950-களில் அமெரிக்காவில் ஈ.எஃப். ஜான்சன் கம்பெனி விற்ற பிரபலமான ட்யூனருக்கு என்ன பெயர் தெரியுமா? வைக்கிங் மேட்ச் பாக்ஸ்! சிவகாசிக்காரன் உரிமை கொண்டாட வேண்டிய பெயர்.

ஆனால் பி.காம். புத்தி சும்மா இருக்குமா? மேஜையில் இருக்கும் ட்யூனர் ஆன்ட்டெனாவைத் திருத்துவதில்லை. செட்டைத்தான் சமாதானப்படுத்துகிறது. ட்யூனருக்கு மேலே வயருக்குள் ரிட்டர்ன் வந்துகொண்டேதான் இருக்கும். ட்யூனர் அதைப் பிடித்து மறுபடி மேலே அனுப்பும். ரிட்டர்ன் சரக்கைத் திரும்ப லாரியில் ஏற்றுகிற மாதிரி. விற்றுவிடும், ஆனால் ஒவ்வொரு ட்ரிப்புக்கும் லாரி வாடகை உண்டே! அந்த வாடகைதான் வயரில் சூடாகப் போகிற பவர். வயர் குட்டையாக இருந்து, பேண்டும் நாற்பது மீட்டராக இருந்தால் வாடகை சொற்பம். நீள வயர், உயர்ந்த ஃப்ரீக்வென்சி என்றால் அசலே கரையும். ஆடிட்டர்கள் இதை 'விண்டோ டிரஸ்ஸிங்' என்பார்கள். பாலன்ஸ் ஷீட் பளபளக்கும், கல்லாவில் காசு இருக்காது.

இன்னும் ஒரு படி மேலே போய், டம்மி லோட் என்று ஒன்று உண்டு. வெறும் 50 ஓம் ரெசிஸ்டர். எஸ்.டபிள்யூ.ஆர். சுத்தமாக ஒன்று. ஆனால் உங்கள் குரல் அடுத்த தெருவுக்குக்கூடப் போகாது, எல்லாம் சூடாகிவிடும். டெஸ்ட் பண்ணுவதற்காகச் செய்தது. ஆக, எஸ்.டபிள்யூ.ஆர். குறைவு என்பதாலேயே ஆன்ட்டெனா நல்லது என்று அர்த்தமில்லை. பத்துப் பொருத்தமும் அமைந்த ஜோடியெல்லாம் சந்தோஷமாக இருக்கிறதா என்ன?

இவ்வளவு பாடு எதற்கு, கையில் செல்போன் இல்லையா என்று அண்ணாச்சியும் கேட்டார். 2004-ஐச் சொன்னேன். பல வருஷங்களாக ஹாம் ஒலிபரப்பே இல்லாதிருந்த அந்தமானுக்கு, ஹைதராபாத்தில் உள்ள தேசிய அமெச்சூர் ரேடியோ நிறுவனத்தைச் சேர்ந்த பாரதி பிரசாத் தலைமையில் ஒரு குழு அந்த டிசம்பரில் போனது. அபூர்வமான இடம் என்பதால் உலகமே வரிசையில் நின்று அவர்களோடு பேசியது. டிசம்பர் 26 காலையில் பூமி அதிர்ந்தது. பிறகு சுனாமி. தீவுகளில் டெலிபோன் செத்தது. பொழுதுபோக்குக்குக் கொண்டுபோன செட்டும் கம்பியும்தான் போர்ட் பிளேரிலிருந்து வெளியுலகத்துக்குச் செய்தி சொன்னது. 'இன்னார் உயிரோடு இருக்கிறார்' என்று எத்தனையோ வீடுகளுக்குத் தகவல் போனது. குழுவினர் கார் நிக்கோபாருக்கும் செட்டைக் கொண்டுபோனார்கள்.

அந்த நேரத்தில் ஏணி வைத்து ஏறி மடித்துக்கொண்டிருக்க முடியாது. எஸ்.டபிள்யூ.ஆர். ஐந்து என்று காட்டினால், பேட்டரியில் இருக்கிற உயிரில் பாதி வீண். பொருத்தம் முன்கூட்டியே பார்த்து வைக்க வேண்டிய விஷயம்.

அண்ணாச்சி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார். "இங்கயும் ஒரு சத்தம் கேட்டா ஊரே போனை எடுக்கும் தம்பி. ஒருத்தனுக்கும் லைன் கிடைக்காது. வீட்டுப் பொம்பளைக ரோட்டுல வந்து நிப்பாக."

முப்பது அடிக் கம்பத்துக்கு இங்கேதான் மரியாதை. நாற்பது மீட்டரில் இந்த உயரம் தாழ்வு. தாழ்ந்த டைபோல் சக்தியின் பெரும்பகுதியை நேராக மேலே அனுப்பும். பகல் வேளையில் அது அயனி மண்டலத்தில் பட்டுக் குடை மாதிரி சுற்றிலும் சில நூறு கிலோமீட்டருக்குக் கவிழும். அமெரிக்காவோடு பேச ஆசைப்படுகிறவனுக்கு இது குறை. மதுரை, கோயம்புத்தூர், சென்னை என்று நம் மாவட்டத்துக்கு உதவி கேட்கிறவனுக்கு இதுவே வரம்.

விருப்பம் இருந்தால் நீங்களும் இறங்கலாம். ஹைதராபாத்தின் அஷர் ஃபர்ஹான் வடிவமைத்த பிட்எக்ஸ் மாதிரி, வீட்டிலேயே ஸால்டரிங் போட்டுச் செய்யக்கூடிய செட்டுகள் இருக்கின்றன. முதலில் லைசென்ஸ், பிறகு செட். அதற்கும் முன்னால் மாடியின் நீளத்தை அளந்துவிடுங்கள். போதவில்லை என்றால் பக்கத்து வீட்டாரோடு சண்டை இருக்கக் கூடாது. எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் காட்டாத பொருத்தம் அது ஒன்றுதான்.

மடித்த கம்பியைக் கட்டி முடித்த அன்று, மதியம் கோயம்புத்தூர் நிலையம் ஒன்று என் பத்து வாட்டுக்கு 'ஃபைவ் நைன்' கொடுத்தது. சத்தமும் தெளிவும் முழு மார்க் என்று அர்த்தம். அண்ணாச்சி என் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். முகத்தில் சந்தோஷம். இருந்தாலும் மேற்கே எட்டிப் பார்த்தார்.

"நல்லாக் கேக்கு தம்பி. போதும், கழட்டு. ராஜபாளையம் பக்கம் கறுத்திருக்கு."